காலிங் கார்டு: பேசுவது நீங்கள், சுமப்பது யார், காசு பிடிப்பது யார்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நான் 1990களின் நடுவில் மாணவனாக அமெரிக்கா வந்தவன். ஊருக்குப் பேச வாங்கிய கார்டுகள் இன்னும் ஒரு பிஸ்கட் டப்பாவில் ரப்பர் பேண்டு போட்டபடி கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வீட்டுப் பிள்ளைகள் கேட்டது, நண்பர்கள் பல வருடமாகக் கேட்டது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரியும். கார்டில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்பது ஒரு விஷயம், உங்கள் குரலைச் சுமந்து போகும் கம்பெனி எது என்பது வேறு விஷயம். பில் எகிறிய கதைகளை நான் கேட்டவரை, பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்ததால் வந்தவைதான்.

காலிங் கார்டு, போன் கார்டு, ப்ரீபெய்டு கார்டு எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. மூன்று வகை இருந்தன, பேச்சில் எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்துக் குழப்பிவிட்டோம்.

முதல் வகை, பொதுத் தொலைபேசியில் காசுக்குப் பதிலாகச் செருகும் கார்டு. பணம் கார்டிலேயே பதிவாகியிருக்கும், பேசப் பேசக் குறையும். இத்தாலியில் 1976இல் இது வந்தது, ஜப்பானில் 1982இல். அமெரிக்காவில் பெரிதாக வேரூன்றவில்லை.

இரண்டாவது, தொலைபேசி கம்பெனி தன் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கார்டு. இதில் பணம் கிடையாது, ஒரு எண் மட்டும்தான். வெளியூரில் எந்த போனிலிருந்தும் பேசலாம், மாதக் கடைசியில் வீட்டு பில்லில் வந்து சேரும். அமெரிக்கர்கள் காலிங் கார்டு என்று சொன்னது இதைத்தான்.

மூன்றாவது, இந்திய மளிகைக் கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய 5 டாலர், 10 டாலர் கார்டு. வெள்ளிப் பூச்சைச் சுரண்டினால் பின் நம்பர் தெரியும். நம்மவர்களுக்கு காலிங் கார்டு என்றால் இதுதான்.

ஒரே நாட்டுக்குள் எதற்கு இத்தனை கம்பெனிகள்?

1984 ஜனவரி 1க்கு முன்னால் அமெரிக்காவின் பெரும்பகுதிக்குத் தொலைபேசி என்றால் ஏ.டி. அண்ட் டி. கம்பெனியின் பெல் சிஸ்டம்தான். அரசு தொடுத்த ஏகபோகத் தடை வழக்கின் முடிவாக அன்றைக்கு அது பிரிந்தது. உள்ளூர் சேவை 7 வட்டாரக் கம்பெனிகளுக்குப் போனது (நைனெக்ஸ், பெல் அட்லான்டிக், பெல்சவுத், அமெரிடெக், சவுத்வெஸ்டர்ன் பெல், யு.எஸ். வெஸ்ட், பசிபிக் டெலிசிஸ்). நெடுந்தொலைவு சேவை ஏ.டி. அண்ட் டி.யிடம் இருந்தது. எம்.சி.ஐ., ஸ்பிரின்ட் போன்றவை அதோடு சமமாகப் போட்டியிட வழி திறந்தது.

நாட்டை ஏறக்குறைய மாவட்டங்கள் போல வட்டாரங்களாகப் பிரித்தார்கள். ஒரு வட்டாரத்துக்குள் உள்ளூர் கம்பெனி அழைப்பைக் கொண்டுபோகலாம், எல்லையைத் தாண்டினால் லாங் டிஸ்டன்ஸ் (நெடுந்தொலைவு) கம்பெனியிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். பெல் கம்பெனிகளுக்கு இந்தக் கட்டு 1996 தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகுதான் தளரத் தொடங்கியது, அதுவும் மாநிலம் மாநிலமாக. முதலில் 1999 டிசம்பரில் நியூயார்க்கில் பெல் அட்லான்டிக்குக்கு அனுமதி கிடைத்தது.

ஆக, ஒரு சாதாரண வெளியூர் அழைப்பிலேயே குறைந்தது மூன்று கைகள் உண்டு. நீங்கள் பேசும் இடத்தின் உள்ளூர் கம்பெனி, நடுவில் லாங் டிஸ்டன்ஸ் கேரியர் (அழைப்பைச் சுமந்து போகும் கம்பெனி), மறுமுனையில் இன்னொரு உள்ளூர் கம்பெனி. கார்டு வந்தால் நாலாவதாகக் கார்டு கொடுத்த கம்பெனி. மூன்றாம் மனிதருடைய பே போன் (காசு போட்டுப் பேசும் பொதுத் தொலைபேசி) என்றால் அவரும் சேர்ந்து ஐந்து.

கார்டில் இருந்த 14 இலக்க எண்ணுக்கு என்ன பொருள்?

முதல் 10 இலக்கம் பெரும்பாலும் உங்கள் வீட்டுத் தொலைபேசி எண், ஏரியா கோடோடு. கடைசி 4 இலக்கம் ரகசிய பின். பே போனில் 0 போட்டு, பேச வேண்டியவரின் ஏரியா கோடும் எண்ணும் டயல் செய்தால் 'டொங்ங்' என்று மணி போல ஒரு ஓசை வரும். அதன் பிறகு இந்த 14 இலக்கத்தையும் அழுத்த வேண்டும்.

அந்த ஒரு நொடியில் பின்னால் நடப்பதுதான் முக்கியம். அழைப்பைக் கையில் வைத்திருக்கும் கேரியர், உள்ளூர் கம்பெனிகள் வைத்திருக்கும் ஒரு பெரிய தகவல் தளத்தைக் கேட்கும்: இந்த எண் உண்மையா, பின் சரியா, பில் கட்டுகிற ஆளா? 'சரி' என்று பதில் வந்தால் இணைப்பு கிடைக்கும். அப்புறம் அந்தக் கேரியர் கணக்கை உங்கள் வீட்டு உள்ளூர் கம்பெனிக்கு அனுப்பிவைக்கும். பில்லில் தனிப் பக்கமாக, நீங்கள் கேள்வியே பட்டிராத ஒரு கம்பெனியின் பெயரோடு வந்து நிற்கும்.

கார்டு உங்களை அடையாளம் காட்டும் சீட்டு. விலையைச் சொல்லும் சீட்டு அது அல்ல.

என் கார்டு இன்னொரு கேரியரின் போனில் வேலை செய்யுமா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். எந்த வகைக் கார்டு, எப்படி டயல் செய்கிறீர்கள் என்ற இரண்டையும் பொறுத்தது.

உள்ளூர் பெல் கம்பெனியின் கார்டு ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஓடும், ஏனென்றால் மேலே சொன்ன தகவல் தளத்தை எந்தக் கேரியர் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் 0 போட்டு நேராக டயல் செய்தால், அழைப்பைச் சுமப்பது அந்த பே போனின் இடத்துக்காரர் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் கேரியர். கட்டணமும் அந்தக் கேரியருடையது. உங்கள் கார்டை அவர் ஏற்றுக்கொள்கிறார், உங்கள் கம்பெனியின் விலையை ஏற்றுக்கொள்ளவில்லை.

எம்.சி.ஐ., ஸ்பிரின்ட் கார்டுகள் வேறு மாதிரி. முதலில் அந்தக் கம்பெனியின் 800 எண்ணையோ (அழைப்பவருக்குக் காசு பிடிக்காத எண்) 950 என்று தொடங்கும் 7 இலக்க எண்ணையோ அழைத்து, அதன் வாசலுக்குப் போய்விட வேண்டும். அங்கே கார்டு எண், பிறகு பேச வேண்டிய எண். விரல் வலிக்கும், ஆனால் அழைப்பு உங்கள் கம்பெனியின் கையில்தான் இருக்கும்.

மூன்றாவது வழி, 10 என்று தொடங்கும் 5 இலக்கக் குறியீடு. 10288 என்றால் ஏ.டி. அண்ட் டி. (விசைகளில் 288 என்பது அந்தக் கம்பெனியின் மூன்று எழுத்துகள்), 10222 என்றால் எம்.சி.ஐ., 10333 என்றால் ஸ்பிரின்ட். குறியீட்டை முதலில் போட்டு, பிறகு 0, பிறகு எண். அந்த போன் எந்தக் கேரியருக்குக் கட்டுப்பட்டிருந்தாலும் அந்த ஒரு அழைப்பு மட்டும் நீங்கள் சொன்ன கேரியருக்குப் போகும். 1998இல் இவை 7 இலக்கமாகின: 1010288, 1010222, 1010333.

எந்தக் கேரியரின் போனில் நிற்கிறோம் என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருந்தது. ஒற்றை 0 அழுத்தினால் உள்ளூர் கம்பெனியின் ஆபரேட்டர் வருவார், 00 அழுத்தினால் அந்த லைனின் லாங் டிஸ்டன்ஸ் ஆபரேட்டர் வருவார். கம்பெனியின் பெயரைச் சொல்லித்தான் பேசத் தொடங்குவார்கள். வீட்டு லைன் என்றால் 1-700-555-4141, பதிவு செய்த குரல் கேரியரின் பெயரைச் சொல்லும். உங்களைக் கேட்காமலே கேரியரை மாற்றிவிடுகிற மோசடி அப்போது பரவலாக நடந்ததால், இந்த எண்ணை நான் மாதம் ஒரு முறை அழைத்துப் பார்ப்பேன்.

ஹோட்டலில் இருந்து கார்டில் பேசினேன், மூன்று நிமிடத்துக்கு ஏன் இவ்வளவு பில்?

எனக்கும் நடந்தது. நேர்முகத் தேர்வுக்காக வேறு மாநிலம் போய், நெடுஞ்சாலையோர விடுதியில் தங்கி, வேலை கிடைத்துவிட்டது என்று சொல்ல நண்பன் வீட்டுக்கு அழைத்தேன். 0 போட்டேன், எண்ணைப் போட்டேன், கார்டு எண்ணைப் போட்டேன். நாலு நிமிடம்கூடப் பேசவில்லை. அடுத்த மாத பில்லில் பெயர் தெரியாத ஒரு ஆபரேட்டர் கம்பெனியின் பக்கம் தனியாக வந்தது. அந்த ஒரு அழைப்பின் தொகையில் ஒரு வார மளிகைச் சாமான் வாங்கியிருக்கலாம்.

விடுதிகள், விமான நிலையங்கள், பெட்ரோல் பங்குகள் இவற்றின் போன்களை இடைத்தரகு ஆபரேட்டர் கம்பெனிகள் எடுத்திருந்தன. சொந்தமாகப் பெரிய கம்பி வலை இல்லை. பெரிய கேரியரிடம் மொத்தமாக வாங்கி, தன் விலை வைத்து விற்று, இடத்துக்காரருக்குக் கமிஷன் கொடுக்கும். யார் அதிகக் கமிஷன் தருகிறாரோ அவருக்குத்தான் போன், எனவே விலை கூடத்தான் செய்யும். பேசுகிறவருக்குத் தேர்வே இல்லாத இடத்தில் போட்டி விலையை ஏற்றும் என்பதை நான் முதலில் பார்த்தது இங்கேதான்.

புகார்கள் குவிந்து 1990இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச் சட்டமே போட்டது. அழைப்பின் தொடக்கத்தில் கம்பெனி தன் பெயரைச் சொல்ல வேண்டும். விலை கேட்டால் சொல்ல வேண்டும். போன் அருகே விவரம் ஒட்டியிருக்க வேண்டும். வேறு கேரியருக்குப் போகும் 800, 950 வழிகளை அடைக்கக் கூடாது. சட்டம் வந்த பிறகும் விலை உச்சவரம்பு என்று ஒன்று வரவில்லை, அதனால் 0 போட்டு நேராக டயல் செய்தவர்கள் தொடர்ந்து மாட்டினார்கள். 800 எண் வழியாகப் போனவர்கள் தப்பித்தார்கள்.

ஏ.டி. அண்ட் டி. கார்டு சில போன்களில் மட்டும் மறுக்கப்பட்டதே, ஏன்?

1984இல் பெல் சிஸ்டம் பிரிந்த பிறகும் சில வருடம் ஏ.டி. அண்ட் டி.யும் உள்ளூர் பெல் கம்பெனிகளும் ஒரே 14 இலக்க எண்ணையே பகிர்ந்துகொண்டன. 1990களின் தொடக்கத்தில் ஏ.டி. அண்ட் டி. வீட்டு எண்ணோடு தொடர்பில்லாத புது எண்களோடு கார்டு அச்சடித்துக் கொடுத்தது. அந்த எண் சரியா என்று சோதிக்கும் வசதியை மற்ற லாங் டிஸ்டன்ஸ் கம்பெனிகளுக்குத் தர மறுத்தது. அப்போது என்ன ஆகும்? வேறு கேரியரின் பே போனில் நின்று 0 போட்டு அந்தக் கார்டைக் கொடுத்தால் அந்தக் கேரியரால் அழைப்பை இணைக்க முடியாது, பணம் வாங்கவும் முடியாது, ஆனால் அழைப்பைக் கையாண்ட செலவு மட்டும் அதன் தலையில். வாடிக்கையாளரோ 'இந்த போன் உருப்படாது' என்று அந்தக் கம்பெனியைத் திட்டிவிட்டுப் போவார்.

போட்டிக் கம்பெனிகள் எஃப்.சி.சி. என்ற மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்திடம் முறையிட்டன. 0 போட்டுப் பயன்படுத்தும் கார்டு என்றால் எல்லோரும் சோதிக்கும் பொதுக் கார்டாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஆணையம் 1992இல் அந்த அளவுக்குப் போகவில்லை. போன் அருகே ஒட்டியிருப்பதைப் பார்த்து, தங்கள் கேரியர் இல்லையென்றால் 10288 போட்டு டயல் செய்யச் சொல்லி ஏ.டி. அண்ட் டி. தன் வாடிக்கையாளருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றது. பொதுக் கார்டு ஆக்கியிருந்தால் மக்களுக்கு நல்லது என்பது என் கருத்து. பிறகு 1-800-225-5288 என்ற எண் விளம்பரங்களில் ஓயாமல் வந்ததற்கு இந்தப் பின்னணியும் உண்டு.

தொலைக்காட்சியில் வந்த 10-10-321 கார்டா?

கார்டு இல்லை. வீட்டு லைனில் ஒரு அழைப்புக்கு மட்டும் கேரியரை மாற்றும் அதே குறியீடுதான். 10-10-321, 10-10-220 இரண்டும் எம்.சி.ஐ. குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது பலருக்குத் தெரியாது, தனிக் கம்பெனிகள் என்றே நினைத்தார்கள். எண்ணை வைத்து இன்னொரு சண்டையும் நடந்தது. ஏ.டி. அண்ட் டி. 'ஆபரேட்டர்' என்ற ஆங்கிலச் சொல் வரும்படி ஒரு 800 எண் வைத்தது. அந்தச் சொல்லைத் தவறான எழுத்தில் எழுதுகிறவர்கள் போய்ச் சேரும் எண்ணை எம்.சி.ஐ. எடுத்து வைத்துக்கொண்டது. எழுத்துப்பிழை விட்டவர்களின் அழைப்பெல்லாம் போட்டிக் கம்பெனிக்குப் போனது!

பவுண்டு பொத்தானை (#) அழுத்தினால் காசு மிச்சம் என்று சொல்வார்களே?

உண்மைதான். ஒரு அழைப்பு முடிந்ததும் போனை வைத்துவிடாமல் # பொத்தானை ஒன்றிரண்டு நொடி அழுத்திப் பிடித்தால், கார்டு எண்ணைத் திரும்பப் போடாமல் அடுத்த அழைப்பு செய்யலாம். 800 எண்ணுக்குக்கூட ஒவ்வொரு முறையும் காசு பிடிக்கிற விடுதிகளில் இது நல்ல உதவி, விடுதியின் கணக்கில் எல்லாம் சேர்ந்து ஒரே அழைப்பு.

கார்டு எண்ணை யாராவது திருட முடியுமா?

திருடினார்கள், அதுவும் கண்ணெதிரே. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம், போர்ட் அதாரிட்டி பேருந்து நிலையம் போன்ற இடங்களில் தோளுக்குப் பின்னால் நின்று விரல் போகும் இடத்தைப் பார்த்தே எண்ணை மனப்பாடம் செய்யும் கும்பல்கள் இருந்தன. தொலைநோக்கி வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. திருடிய எண்ணை அன்றே பலருக்கு விற்று, வெளிநாட்டுக்கு மணிக்கணக்காகப் பேச வைத்துவிடுவார்கள். வீட்டு பில்லோடு கட்டிய கார்டு என்பதால் இழப்புக்கு எல்லையே இல்லை. ப்ரீபெய்டு கார்டில் போனால் 10 டாலரோடு போய்விடும். புதிதாக வந்த மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது, எண்ணை அழுத்தும்போது உடம்பால் மறைத்துக்கொள் என்பதுதான்.

மளிகைக் கடை ப்ரீபெய்டு கார்டு எப்படி வேலை செய்கிறது?

கார்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் 800 எண்ணையோ உங்கள் ஊர் உள்ளூர் எண்ணையோ அழைக்கிறீர்கள். கம்ப்யூட்டர் எடுக்கிறது, பின் கேட்கிறது, மிச்சப் பணத்தைச் சொல்கிறது, இந்திய எண்ணைக் கேட்கிறது. பிறகு அந்த நேரத்தில் சென்னைக்கு யார் குறைந்த விலையில் அழைப்பை எடுத்துப் போவார் என்று தன் பட்டியலைப் பார்த்து, ஒரு மொத்த வியாபாரக் கேரியரிடம் தள்ளிவிடுகிறது. அவர் இன்னொருவரிடம் தள்ளலாம். இன்று காலை லண்டன் வழியாகப் போன அழைப்பு மாலையில் ஹாங்காங் வழியாகப் போகலாம். கார்டில் பெயர் போட்ட கம்பெனிக்குப் பெரும்பாலும் சொந்தமாக ஒரு அடி கம்பி கிடையாது.

800 எண்ணுக்கு ஆகும் செலவைக் கார்டுக் கம்பெனியே கட்டுகிறது, அதனால் அந்த வழியில் நிமிடங்கள் குறையும். உள்ளூர் எண்ணில் அழைத்தால் அந்தச் செலவு இல்லை, நிமிடங்கள் கூடும். வீட்டு லைனில் உள்ளூர் அழைப்புக்குத் தனிக் காசு இல்லையென்றால் உள்ளூர் எண்தான் லாபம்.

பெரிய கேரியர்கள் தங்கள் பெயரிலேயே மொத்தக் கடைகளில் விற்ற கார்டுகளும் இருந்தன. அவை நாணயமானவை, ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதில் எழுதியிருக்கும் நிமிடம் அமெரிக்காவுக்குள் பேசுவதற்கு. வெளிநாட்டுக்கு ஒரு நிமிடம் பேசினால் அதில் பல நிமிடம் கழியும்.

'250 நிமிடம்' என்று போட்ட கார்டு ஏன் 50 நிமிடத்தில் தீர்ந்தது?

ஒரு உதாரணக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 5 டாலர் கார்டு, நிமிடத்துக்கு 2 சென்ட், எனவே 250 நிமிடம் என்று போஸ்டரில் பெரிதாக. கார்டின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில்: இணைப்புக் கட்டணம் 69 சென்ட், பராமரிப்புக் கட்டணம் வாரம் 79 சென்ட், 3 நிமிடக் கணக்காக முழுமையாக்கப்படும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு 20 நிமிடம் பேசுகிறீர்கள். 21 நிமிடமாகக் கணக்கு, 42 சென்ட், அதோடு இணைப்புக் கட்டணம் 69. மிச்சம் 3.89 டாலர். நள்ளிரவில் பராமரிப்புக் கட்டணம், மிச்சம் 3.10. அடுத்த ஞாயிறு அழைக்கிறீர்கள், ஒரு நிமிடத்தில் லைன் அறுந்துவிடுகிறது. 3 நிமிடத்துக்கு 6 சென்ட், இணைப்புக்கு 69, மிச்சம் 2.35. மறுபடி அழைத்து 25 நிமிடம். 27 நிமிடமாகக் கணக்கு, 54 சென்ட், அதோடு 69. மிச்சம் 1.12. அன்று இரவு மீண்டும் 79 போனால் 33 சென்ட். அது இணைப்புக் கட்டணத்துக்கே போதாது, கார்டு செத்தது. மொத்தம் பேசியது 46 நிமிடம்.

ஒரே மூச்சில் பேசித் தீர்த்தால் மட்டும்தான் போஸ்டர் கணக்கின் பக்கத்தில் வர முடியும். வாரம் ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறவர்களிடம்தான் இந்தக் கார்டுகள் அதிகம் பிடுங்கின. அப்படிப் பேசியவர்கள் யார்? கையில் காசு குறைவாக இருந்தவர்கள், ஆங்கிலத்தில் பொடி எழுத்தைப் படிக்க முடியாதவர்கள், புகார் எழுதத் தெரியாதவர்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அரசாங்கம் பார்த்துக்கொண்டா இருந்தது?

தாமதமாக விழித்தது. வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. 2008இல் சில கம்பெனிகள் மீது வழக்கு போட்டது. கார்டுகளை வாங்கிச் சோதித்ததில், விளம்பரத்தில் சொன்ன நிமிடங்களில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது என்று நீதிமன்றத்தில் சொன்னது. எஃப்.சி.சி. 2011இல் தொடங்கிய நடவடிக்கைகள் 2015இல் முடிந்து, 6 கம்பெனிகளுக்குத் தலா 50 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்குள் ஸ்மார்ட்போன் வந்து, அந்தக் கார்டுகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் வேறு வழிக்குப் போயிருந்தார்கள்.

பே போனிலிருந்து அழைத்தால் மட்டும் ஏன் கூடுதலாகப் பிடித்தார்கள்?

800 எண்ணுக்கு அழைப்பவர் காசு போடுவதில்லை, பே போன் உரிமையாளருக்கு வரும்படி இல்லை. 1996 சட்டம் அதைச் சரிசெய்யச் சொன்னது. 1997 அக்டோபர் முதல் அப்படிப்பட்ட ஒவ்வொரு அழைப்புக்கும் கார்டுக் கம்பெனியோ கேரியரோ பே போன் உரிமையாளருக்கு 28.4 சென்ட் தர வேண்டியதானது. 1999இல் 24 சென்ட் ஆகி, 2004இல் 49.4 சென்ட்டுக்கு ஏறியது. உரிமையாளருக்கு இது நியாயம்தான். ஆனால் பல கார்டுகள் தாங்கள் தரும் தொகையைவிட அதிகமாக நம்மிடம் பிடித்துக்கொண்டன.

சென்னைக்கு ஒரு விலை, மதுரைக்கு ஒரு விலை என்று ஏன் போட்டிருந்தார்கள்?

பெருநகரங்களுக்கு அழைப்பை இறக்க மொத்த வியாபாரிகள் அதிகம், போட்டி அதிகம். சின்ன ஊர் என்றால் இந்தியாவுக்குள் இன்னொரு நெடுந்தொலைவுப் பயணம் இருக்கிறது, அதற்கும் காசு. அதனால் போஸ்டரில் சென்னை, மும்பை, டெல்லி, ஹைதராபாத் தனித்தனியாகவும் மற்ற ஊர்கள் ஒரு வரியிலும் இருக்கும்.

அடிப்படை விலையே உயரமாக இருந்ததற்குக் காரணம் வேறு. 2002 ஏப்ரல் வரை இந்தியாவின் சர்வதேச வாசலில் வி.எஸ்.என்.எல். என்ற வெளிநாட்டு அழைப்புக் கம்பெனி மட்டும்தான் நின்றது. அமெரிக்கக் கேரியர் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அதற்குப் பங்கு கொடுக்க வேண்டும். 1997இல் எஃப்.சி.சி. இந்தப் பங்குத் தொகைகளுக்கு இலக்கு வைத்தது, குறைந்த வருமான நாடுகளுக்கு நிமிடத்துக்கு 23 சென்ட். இலக்கே 23 சென்ட் என்றால் அதற்கு முந்தைய நிலையை நினைத்துப் பாருங்கள். நான் வந்த புதிதில் இந்தியாவுக்கு ஒரு நிமிடம் ஒரு டாலருக்கு மேல். பேச வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி பேசுவோம். அப்பா பாதி நேரத்தை 'காசு ஆகும், வைத்துவிடு' என்று சொல்லியே செலவழிப்பார்.

அழைப்பு மகனுடையது, அம்மாவின் போனில் காட்டியது யாரோ ஒருவருடைய இந்திய எண். எப்படி?

மலிவு வழியில் சில கள்ள வழிகளும் இருந்தன. அழைப்பை இன்டர்நெட்டில் இந்தியாவுக்குள் கொண்டுவந்து, சாதாரண சிம் கார்டுகள் செருகிய பெட்டி வழியாக உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடுவார்கள். இந்தியக் கேரியருக்குச் சேர வேண்டிய பங்கு தப்பிவிடும். சட்டவிரோதம், பிடிபட்டவர்கள் உண்டு. பேசுகிற நமக்குத் தெரிவது இரண்டுதான்: தெரியாத எண் காட்டும், குரல் தாமதமாக எதிரொலிக்கும். அம்மா 'யாரோ' என்று எடுக்காமல் விட்டுவிடுவார், நம் இணைப்புக் கட்டணமும் போகும்.

எப்படி டயல் செய்ய வேண்டும்? எண் தவறு என்றே வருகிறது.

அமெரிக்காவிலிருந்து வெளியே போக 011, இந்தியாவுக்கு 91, பிறகு ஊர்க் குறியீடு முன்னால் இருக்கும் 0 இல்லாமல். சென்னை 044 என்றால் 44, மதுரை 0452 என்றால் 452. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்த 0வைச் சேர்த்துவிடுவார்கள். சில கார்டுகளில் 011 தேவை, சிலவற்றில் நேராக 91. குரல் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள்.

விடுமுறைக்கு இந்தியா வந்தால் அமெரிக்கக் கார்டு பயன்படுமா?

பயன்பட்டது. இந்திய போனில் 000-117 போட்டால் நேராக ஏ.டி. அண்ட் டி.யின் அமெரிக்க வாசலுக்குப் போகும், கார்டு எண் கொடுத்துப் பேசலாம், தொகை அமெரிக்க பில்லில் வரும். விலை அதிகம், ஆனால் விசா, விமானம் என்று அவசரம் வரும்போது சில்லறை தேடாமல் பேச முடிந்தது.

பின் போடாமலே பேசலாம் என்றார்களே?

உங்கள் போன் எண்ணைக் கணக்கில் பதிவு செய்துவிட்டால், அந்த எண்ணிலிருந்து வரும் அழைப்பைக் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுகொள்ளும். வசதிதான். போனை மாற்றினாலோ விற்றாலோ பதிவை நீக்க மறக்காதீர்கள். செல்போனிலிருந்து 800 எண்ணை அழைத்தால் செல் நிமிடங்களும் கழியும் என்பதையும் அந்தக் காலத்தில் பலர் கவனிக்கவில்லை.

பழைய கார்டில் பணம் மிச்சம் இருக்கிறது, கிடைக்குமா?

பின்பக்க எண்ணை அழைத்துப் பாருங்கள். பெரும்பாலும் காலாவதி ஆகியிருக்கும், அல்லது கம்பெனியே இல்லை. பெரியவர்களே உருமாறிவிட்டார்கள். 2005இல் எஸ்.பி.சி. (பழைய சவுத்வெஸ்டர்ன் பெல்) ஏ.டி. அண்ட் டி.யை வாங்கி அந்தப் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது, 2006இல் எம்.சி.ஐ. வெரைசனுக்குள் (பழைய பெல் அட்லான்டிக்) போனது. நியூயார்க் நகரம் தனக்குச் சொந்தமான கடைசிப் பொது பே போனை 2022 மே மாதம் அகற்றியது.

இன்றைக்கு ஊரில் இன்டர்நெட் இல்லாத பெற்றோருக்கு எப்படிப் பேசுவது?

இரு பக்கமும் இன்டர்நெட் இருந்தால் வாட்ஸ்அப் போதும். ஊரில் லேண்ட்லைனோ பட்டன் போனோதான் என்றால், பணம் ஏற்றிப் பேசும் ஆப்கள் இருக்கின்றன. உள்ளே நடப்பது அதே கார்டு வேலைதான்: ஒரு கம்ப்யூட்டர், ஒரு மொத்த வியாபாரி, கடைசியில் இந்தியக் கேரியருக்கு ஒரு பங்கு. 2018 பிப்ரவரியில் இந்தியத் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் அந்தப் பங்கை நிமிடத்துக்கு 53 பைசாவிலிருந்து 30 பைசாவாகக் குறைத்தது, 2020 மே முதல் 35 பைசாவிலிருந்து 65 பைசாவுக்குள் என்று மாற்றியது. எனவே இந்தப் பக்கம் செலவு மிகக் குறைவு. யாராவது அதிகம் கேட்டால் இணைப்புக் கட்டணம் உண்டா, எத்தனை நிமிடமாக முழுமையாக்குகிறார்கள், பயன்படுத்தாத பணம் எப்போது காலாவதி ஆகும் என்ற மூன்றையும் கேளுங்கள். முதலில் 5 டாலர் மட்டும் போட்டு, ஒரு சின்ன அழைப்பு செய்து, எவ்வளவு கழிந்தது என்று பார்த்துவிட்டு மீதியைப் போடுங்கள்.